ரைக்ஸ்மியூசியம்: கட்டடம் பிடித்தது, காட்சி குழப்பியது, ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும். குடும்பத்தோடு ஆம்ஸ்டர்டாம் போனீர்கள். பத்தாண்டு மூடிவைத்துப் புதுப்பித்தது என்று படித்திருந்ததால், நெதர்லாந்தின் தேசிய அருங்காட்சியகமான ரைக்ஸ்மியூசியத்துக்குள் பெரிய எதிர்பார்ப்போடு நுழைந்தீர்கள். முற்றத்தைப் பார்த்ததும் வாய் பிளந்தீர்கள். ஆனால் காட்சியறைகளுக்குள் போன பிறகு வழி குழம்பியது, சில அறைகள் இருட்டாக இருந்தன, ஓவியமும் அலமாரியும் துப்பாக்கியும் ஒரே அறையில் ஏன் என்று விளங்கவில்லை, கடைசியில் கால் வலிதான் மிச்சம். திரும்பி வந்து இணைய விமர்சனங்களைப் பார்த்தால் பாதிப் பேர் உலகிலேயே சிறந்தது என்கிறார்கள், பாதிப் பேர் உங்களைப் போலவே புலம்புகிறார்கள். கட்டடத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டுக் காட்சியைக் கோட்டைவிட்டார்களா என்பது கேள்வி. அதற்குள்ளேயே இன்னொன்றும் இருப்பதாகப் படுகிறது: மற்றவர்கள் ரசித்ததை நம்மால் ஏன் ரசிக்க முடியவில்லை, நமக்குத்தான் விவரம் போதவில்லையா? இந்த இரண்டாவதற்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விவரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நீங்கள் பட்ட பாட்டில் பெரும்பகுதிக்கு அந்தக் கட்டடத்தின் நடுவே ஓடும் ஒரு சைக்கிள் பாதை காரணம்.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. காட்சியமைப்பும் பார்வையாளர் ஆய்வும் என் தொழில். அதாவது ஒரு கூடத்தில் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், எதைத் தாண்டிப் போகிறார்கள், எந்த இடத்தில் களைக்கிறார்கள் என்று வரைபடத்தாளில் குறித்துக்கொண்டே அவர்கள் பின்னால் நடக்கிற வேலை. ரைக்ஸ்மியூசியத்தில் வேலை பார்த்ததில்லை, அங்கே நானும் சீட்டு வாங்கிப் போன பார்வையாளன்தான். ஆகவே அந்தக் கட்டடத்தைப் பற்றிப் பதிவாகியிருப்பதை உறுதியாகச் சொல்வேன். அங்கே வருகிறவர்கள் ஏன் அப்படி உணர்கிறார்கள் என்பதில், மற்ற இடங்களில் பார்த்ததை வைத்து ஊகிக்கிறேன். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய கதை, ஏனென்றால் இந்தக் கட்டடம் திறந்த நாளிலிருந்தே திட்டு வாங்கிய கட்டடம். பியேர் குய்பர்ஸ் என்ற கத்தோலிக்கக் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, 1885இல் திறக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாம் மத்திய ரயில் நிலையத்தையும் அவரே வடிவமைத்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் சகோதரர்கள் என்று தெரிந்துவிடும். கோபுரங்கள், வண்ணக் கண்ணாடி, சுவரெங்கும் சித்திரம், வளைவுக் கூரை. அன்றைய நெதர்லாந்தில் புராட்டஸ்டண்டுகள் கை ஓங்கியிருந்தது. நாட்டின் தேசிய அருங்காட்சியகம் கத்தோலிக்கக் கோயில் போல இருக்கிறதே என்று எரிச்சல். அந்த மடத்துக்குள் காலடி வைக்க மாட்டேன் என்று மன்னர் மூன்றாம் வில்லியம் சொன்னதாக வழிவழியாகச் சொல்கிறார்கள். பிறகு இருபதாம் நூற்றாண்டில் ரசனை மாறியது. ஓவியத்துக்குப் பின்னால் வெள்ளைச் சுவர்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வலுத்ததும் குய்பர்ஸின் அலங்காரங்கள் மீது வெள்ளை பூசினார்கள். வெளிச்சம் வருவதற்காக அவர் விட்டிருந்த இரண்டு உள்முற்றங்களையும் இடப் பற்றாக்குறைக்காக அறைகளாக அடைத்தார்கள். உள்ளே போனால் கட்டடத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்றே தெரியாத நிலை வந்தது. வழி தெரியவில்லை என்ற புகார், புதுப்பித்துத் திறந்த 2013க்குப் பிறகு முளைத்ததல்ல.

2003 டிசம்பரில் முதன்மைக் கட்டடத்தை மூடினார்கள். பிலிப்ஸ் பகுதி என்ற பக்கக் கட்டடத்தில் மட்டும் முக்கியமான படைப்புகளைத் தேர்ந்தெடுத்து வைத்து, பார்வையாளரை அங்கே அனுப்பினார்கள். 2008 வாக்கில் வேலை முடியும் என்று முதலில் நினைத்தது, 2013 ஏப்ரல் 13 வரை இழுத்தது. அரசி பியாட்ரிக்ஸ் திறந்து வைத்தார். அந்த மாதக் கடைசியிலேயே அவர் முடிதுறந்தார். செலவு 37.5 கோடி யூரோ. ஸ்பெயினின் செவியா நகரத்தைச் சேர்ந்த அந்தோனியோ குரூஸ், அந்தோனியோ ஓர்டிஸ் இருவரும் கட்டடக் கலைஞர்கள். காட்சிப் பெட்டிகள், சுவர் நிறம் உள்ளிட்ட உள்ளலங்காரம் பிரெஞ்சுக்காரரான ஜான் மிஷெல் வில்மொத்துடையது. குய்பர்ஸின் வழியிலேயே மேலே போவோம் என்பதுதான் அந்தப் புதுப்பிப்பின் முழக்கமாக இருந்தது. அடைத்த முற்றங்களைத் திறந்தார்கள். பெருங்கூடத்தில் பூசியிருந்த வெள்ளையை நீக்கிச் சித்திரங்களை மீட்டார்கள், பழைய தரையை மறுபடி அமைத்தார்கள். இன்று பார்வையாளர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கிற இடம் அதுதான். 1885இல் எதைப் பார்த்து முகம் சுளித்தார்களோ, அதையே 2013இல் புகழ்ந்தார்கள். ஒரு கட்டடத்தைப் பற்றிய பார்வையாளர் கருத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் இந்த உதாரணத்தைத்தான் சொல்வேன். கருத்து பொய்யில்லை, ஆனால் அதில் அந்தக் காலத்தின் ரசனையும் கலந்திருக்கிறது.

இனி சைக்கிள் பாதை. குய்பர்ஸ் கட்டும்போதே கட்டடத்தின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு போகும் பொதுவழி ஒன்று இருந்தது. நகரத்தையும் அதன் தெற்கே வளர்ந்துகொண்டிருந்த புதுப் பகுதியையும் இணைக்கும் வழி அது. நூறு வருடத்துக்கு மேல் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் தங்கள் அருங்காட்சியகத்துக்கு அடியில் புகுந்து போய்ப் பழகிவிட்டார்கள். புதுப்பிக்க வந்த கலைஞர்கள் அந்த வழியின் நடுவிலேயே பெரிய நுழைவாயில் வைக்கலாம் என்றார்கள். வைத்தால் சைக்கிளுக்கு இடமில்லை. நெதர்லாந்தில் சைக்கிள்காரர்களோடு மோதி ஜெயித்தவர்கள் குறைவு. சைக்கிள் சங்கமும் உள்ளூர் நிர்வாகமும் விடவில்லை, வருடக்கணக்கில் இழுபறி. கடைசியில் சைக்கிள் ஜெயித்தது. 2013 மே மாதத்தில் பாதை மறுபடி திறந்தது. நுழைவாயில் அந்தப் பாதையின் பக்கவாட்டுக்கு ஒதுங்கியது. அங்கிருந்து கீழே இறங்கினால் நீங்கள் வியந்த முற்றம். கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இருந்த முற்றங்களைப் பாதைக்கு அடியில் தோண்டி ஒன்றாக்கியிருக்கிறார்கள். தலைக்கு மேலே சைக்கிள் ஓடுகிறது, கீழே நீங்கள் மேலங்கியைக் கொடுக்க வரிசையில் நிற்கிறீர்கள். தாமதத்துக்கு இந்தச் சண்டை மட்டும் காரணமில்லை. ஆஸ்பெஸ்டாஸ், அனுமதிகள், ஒப்பந்தப்புள்ளிச் சிக்கல் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஆனால் பார்வையாளரின் காலுக்கு இன்றுவரை விளைவு தருவது இந்தச் சண்டைதான்.

எப்படி என்றால், பொதுவழி நடுவே போவதால் கட்டடம் கீழே இரண்டு பாதியாகப் பிளந்து நிற்கிறது. கீழ்த்தளங்களில் ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்கு நேராக நடக்க முடியாது. இறங்கி முற்றத்தின் வழியே போக வேண்டும், அல்லது ஏறிப் பாதைக்கு மேலிருக்கும் இரண்டாம் தளத்தின் வழியே போக வேண்டும். அந்த இரண்டாம் தளத்தில்தான் பெருங்கூடமும், கௌரவக் கூடம் என்று அழைக்கப்படும் நீண்ட மண்டபமும், அதன் கோடியில் ரெம்பிராண்டின் ‘இரவுக் காவல்’ ஓவியமும் இருக்கின்றன. அந்த ஓவியத்துக்காகவே குய்பர்ஸ் கட்டிய இடம் அது. புதுப்பித்த பிறகு ஏறக்குறைய எல்லாப் பொருளும் இடம் மாறின, அது மட்டும் பழைய இடத்துக்கே திரும்பியது. அது பதினேழாம் நூற்றாண்டு ஓவியம், 1642. ஆகவே பதினேழாம் நூற்றாண்டு முழுவதும் இரண்டாம் தளத்துக்குப் போயாக வேண்டியதாயிற்று. இதன் பலன் என்ன தெரியுமா? காலவரிசைப்படி பார்க்க விரும்புகிறவர் இடைக்காலத்தைத் தரைத்தளத்தில் தொடங்கி, பதினேழாம் நூற்றாண்டுக்கு இரண்டாம் தளம் ஏறி, பதினெட்டு பத்தொன்பதுக்கு முதல் தளத்துக்கு இறங்கி, இருபதாம் நூற்றாண்டுக்கு மூன்றாம் தளம் ஏற வேண்டும். பூஜ்யம், இரண்டு, ஒன்று, மூன்று. அந்த மூன்றாம் தளமும் இரண்டு மூலைகளில் தனித்தனியாக இருக்கிறது. கையில் வரைபடம் வைத்திருக்கிற விவரமான ஆளே இதில் தடுமாறுவார். நீங்கள் தடுமாறியதில் ஆச்சரியமே இல்லை.

ஆகவே அது குறையா என்று கேட்டால், குறைதான், ஆனால் வேறு வழி எனக்கும் தெரியவில்லை. ‘இரவுக் காவ’லைக் கீழே கொண்டுவந்திருந்தால் வரிசை சரியாகியிருக்கும், கட்டடத்தின் அச்சாணி கழன்றிருக்கும். முற்றத்திலிருந்து படியேறி, பெருங்கூடத்தின் வண்ணக் கண்ணாடி வெளிச்சத்தைக் கடந்து, கௌரவக் கூடத்துக்குள் திரும்பினால் தூரத்தில் அந்த ஓவியம் தெரிகிறதல்லவா, இருபுறமும் வெர்மீர், ஃபிரான்ஸ் ஹால்ஸ், யான் ஸ்டேன் போன்ற டச்சு ஓவியர்களின் படங்கள் சின்னச் சின்ன மாடங்களில் இருக்க? நம்மூர்க்காரர்களுக்கு அந்த நடை புதிதில்லை. மகாமண்டபம், அர்த்தமண்டபம் தாண்டிக் கருவறையைப் பார்க்கிற அதே ஏற்பாடு. அன்றைய புராட்டஸ்டண்டுகள் கோபப்பட்டது சும்மா இல்லை. அந்த ஒரு நேர்கோட்டில் யாருக்கும் வழி தவறுவதில்லை. கோடு முடிந்து பக்க அறைகளுக்குத் திரும்பும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. கட்டடம் பிடித்தது, காட்சி பிடிக்கவில்லை என்று பலர் சொல்வதன் பொருளும் அநேகமாக இதுதான் என்பது என் ஊகம்: கட்டடம் கையைப் பிடித்து அழைத்துப்போன இடம் பிடித்திருக்கிறது, கையை விட்ட இடம் பிடிக்கவில்லை. இரண்டுமே கட்டடத்தின் வேலை. ஆனால் பார்வையாளர் முதலாவதைக் கட்டடத்தின் கணக்கிலும் இரண்டாவதைக் காட்சியின் கணக்கிலும் எழுதுகிறார்.

ஓவியத்தோடு அலமாரியும் வெள்ளிப் பாத்திரமும் கப்பல் மாதிரியும் துப்பாக்கியும் கலந்து வைத்தது பற்றி. இது தெரிந்தே செய்தது. பழைய ரைக்ஸ்மியூசியத்தில் ஓவியத்துக்கு ஒரு துறை, சிற்பத்துக்கும் கைவினைக்கும் ஒரு துறை, வரலாற்றுக்கு ஒரு துறை என்று தனித்தனி ராஜ்ஜியம். புதியதில் சுமார் 8,000 பொருட்கள், 80 அறைகள், 800 ஆண்டுகள், எல்லாம் நூற்றாண்டு வரிசையில் கலந்து. ஒரு பணக்கார வணிகரின் உருவப்படத்துக்கு அருகே அவர் காலத்து வெள்ளித் தட்டும் அவர் முதல் போட்ட கப்பலின் மாதிரியும் இருந்தால், அந்த முகத்தில் இருக்கிற நிம்மதி எங்கிருந்து வந்தது என்று புரியும் என்பது அவர்கள் கணக்கு. என் அபிப்பிராயத்தில் பதினேழாம் நூற்றாண்டில் இது பிரமாதமாக வேலை செய்கிறது. கடல், வணிகம், சண்டை, பணம், ஓவியம் எல்லாம் உண்மையிலேயே ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த காலம் அது. இருபதாம் நூற்றாண்டில் வேலை செய்யவில்லை. கூரைக்கு அடியில் இடமும் குறைவு, அந்தக் காலத்து ஓவியத் தொகுப்பும் மெலிவு. ஃபிரிட்ஸ் கூல்ஹோவன் வடிவமைத்த சிறிய போர் விமானம் ஒன்று நிற்பதைப் பார்த்துவிட்டு, ‘சரி, அடுத்தது?’ என்று வெளியே வந்துவிடுவோம். திறந்த புதிதிலேயே விமர்சகர்கள் அந்தத் தளத்தைக் குறை சொன்னார்கள். எனக்கும் அதில் உடன்பாடு. பாரம்பரியமாக ஓவியம் பார்க்க வருகிறவர்களுக்கு இந்தக் கலப்பு இடைஞ்சலாகப் படுவதும் நியாயம்தான். ஓவியத்துக்குப் பழகிய கண் ஒரு வகைத் தூரத்தில் நிற்கும், கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கோப்பைக்குக் குனிய வேண்டும். ஒரே அறையில் பத்து முறை குனிந்து நிமிர்ந்தால் முதுகு சொல்லிவிடும்.

இது வெறும் பேச்சில்லை. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916இலேயே இதைப் படமெடுத்துக் காட்டினார். காட்சிப் பெட்டிகளின் முன்னால் ஓர் ஆள் எப்படியெல்லாம் குனிந்து, முறுக்கி, எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று வரிசையாகப் படங்கள். அருங்காட்சியகக் களைப்பு என்ற பேச்சு அங்கிருந்துதான் வேரூன்றியது. களைப்பு காலில் மட்டும் இல்லை, கவனத்திலும் வருகிறது. முதல் அறைகளில் பொருளுக்குப் பொருள் நிற்கிறவர், போகப் போக அறை வாசலிலேயே நின்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நகர்வார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் நடந்த, 2001இல் வெளியான ஓர் ஆய்வில், புகழ்பெற்ற ஓவியங்களுக்கு முன்னால்கூட ஆட்கள் நின்ற சராசரி நேரம் 27 நொடி. பாதிப் பேர் 17 நொடியோ அதற்கும் குறைவாகவோதான் நின்றார்கள். அதிலும் விளக்கப் பலகை படிக்கிற நேரம் அடக்கம். நான் பின்தொடர்ந்த கூடங்களிலும் இதே கதைதான். முதலில் கண் ஓவியத்தைத் தொடும், உடனே பலகைக்கு இறங்கும், பெயரைப் படித்ததும் மறுபடி ஓவியத்துக்கு ஏறும், அவ்வளவுதான், கால் நகர்ந்துவிடும். படித்த பெயர் தெரிந்த பெயராக இருந்தால் கைபேசி வெளியே வரும். ஆக, 80 அறை இருக்கிற இடத்தில் பாதியைத்தான் பார்த்தேன் என்று நீங்கள் வருந்துவது வீண். மீதிப் பாதியையும் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் அதைக் கடந்து போனவர்கள்.

இருட்டு பற்றிய உங்கள் குறைக்கு இரண்டு காரணம், இரண்டும் உறுதியானவை. ஒன்று, காகிதமும் துணியும் வெளிச்சத்தில் நிறம் போய்விடும். அச்சுப் படம், வரைபடம், உடை போன்றவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேல் விடக்கூடாது என்பது துறையில் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. தைல ஓவியத்துக்கு இன்னும் தாராளம். வெயிலிலிருந்து உள்ளே வந்தவருக்கு 50 லக்ஸ் இருட்டறைதான். கண் பழக சில நிமிடம் ஆகும், அதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார். இரண்டாவது, வில்மொத் தேர்ந்தெடுத்த சுவர் நிறம். வெள்ளையை ஒதுக்கிவிட்டு அடர்ந்த சாம்பல் சாயல்களைப் பூசினார். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்கள் பெரும்பாலும் பழுப்பும் கறுப்பும். வெள்ளைச் சுவரில் மாட்டினால் சுவர் கண்ணைக் கூசவைத்து ஓவியத்தின் இருளுக்குள் இருக்கிற விவரத்தை விழுங்கிவிடும். சாம்பல் சுவரில் எல்இடி விளக்கொளி விழும்போது கறுப்புச் சட்டைக்குள் இன்னொரு கறுப்புப் பூவேலை இருப்பது தெரிகிறது. இதை நேரில் சோதிக்கலாம்: ஹால்ஸின் உருவப்படம் ஏதாவது ஒன்றின் முன் நின்று, வெள்ளைக் கழுத்துப்பட்டையைப் பார்க்காமல் அதற்குக் கீழே இருக்கும் கறுப்புத் துணியை மட்டும் சற்று நேரம் பாருங்கள். சட்டை மெல்ல மெல்லத் துணியாக மாறும். இருட்டாக இருந்தது என்று எழுதியவரும் ஓவியங்கள் ஒளிவிட்டன என்று எழுதியவரும் ஒரே முடிவின் இரண்டு பக்கத்தைச் சொல்கிறார்கள்.

முற்றத்தில் மேலே தொங்குகிற பெரிய வெள்ளைச் சட்டங்களையும் கவனித்திருப்பீர்கள். அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வெளிச்சமும் தருகிறது, ஆனால் முக்கிய வேலை ஓசையை உறிஞ்சுவது. கல் தரை, கண்ணாடிக் கூரை, ஆயிரக்கணக்கான வாய்கள். அந்தச் சட்டங்கள் இல்லாவிட்டால் சந்தை இரைச்சல் காதைப் பிளக்கும். நல்ல காட்சியமைப்பில் பாதி இப்படித்தான், இருப்பது தெரியாது, எடுத்துவிட்டால் தெரியும்.

விமர்சனங்களை நம்பலாமா? 2013இல் திறந்ததிலிருந்து அந்த வருட முடிவுக்குள் 22 லட்சம் பேர் வந்தார்கள், அடுத்த வருடம் 24 லட்சத்துக்கு மேல். 2015இல் ஐரோப்பாவின் சிறந்த அருங்காட்சியக விருதும் கிடைத்தது. இவை உறுதி. ஆனால் இதை வைத்துக் காட்சியமைப்பு வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பத்து வருடம் பூட்டிக் கிடந்ததைத் திறந்தால் கூட்டம் வரும், ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிற சுற்றுலாப் பயணிகளும் அதே காலத்தில் பெருகினார்கள். எதனால் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். இணைய விமர்சனங்களில் இன்னொரு சிக்கல். எழுதுகிறவர் மிக மகிழ்ந்தவராகவோ மிக வெறுத்தவராகவோ இருப்பார், நடுவில் இருக்கிற பெருங்கூட்டம் எழுதுவதே இல்லை. எழுதுகிறவரும் வாசலில் பட்டதையும் கடைசியில் பட்டதையும்தான் எழுதுவார்: வரிசை, பை வைக்கிற இடம், காபி விலை, உட்கார இடமில்லை. எங்கள் தொழிலில் கருத்துப் படிவத்தைவிட நடையைத்தான் அதிகம் நம்புவோம். காட்சி அருமை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர், அந்தக் கூடத்தில் மூன்றே நிமிடம் இருந்திருப்பார். மோசம் என்று எழுதியவர் ஒரு பொம்மைவீட்டின் முன்னால் மகளோடு கால்மணி நேரம் நின்றிருப்பார். யாருடைய அனுபவம் பெரிது?

விளக்கப் பலகைகள் பற்றியும் ஒரு வார்த்தை. ரைக்ஸ்மியூசியம் இதில் துணிச்சலாகச் சிலவற்றைச் செய்து பார்த்தது. 2014இல் எழுத்தாளர் அலென் டி பொத்தோன், மெய்யியலாளர் ஜான் ஆம்ஸ்ட்ராங் இருவரையும் அழைத்து, பெரிய மஞ்சள் ஒட்டுத்தாள் போன்ற பலகைகளை ஓவியங்களுக்குப் பக்கத்தில் வைக்கவிட்டார்கள். இந்த ஓவியம் உங்கள் வாழ்க்கையின் எந்த நோய்க்கு மருந்து என்கிற தொனியில் எழுதப்பட்ட பலகைகள். சில விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். எனக்கும் அந்த உபதேசத் தொனி ஒத்துவரவில்லை. ஆனாலும் ஆண்டும் பெயரும் மட்டும் எழுதி ஒதுங்கிக்கொள்கிற பலகையைவிட அது பார்வையாளரிடம் பேச முயன்றது என்பதை ஒப்புக்கொள்வேன். அடுத்த வருடம், பழைய தலைப்புகளில் இருந்த இழிசொற்களையும் காலனியக் காலத்துச் சொற்களையும் நீக்குகிற வேலையைத் தொடங்கினார்கள். 2021இல் அடிமை வணிகம் பற்றித் தனிக் கண்காட்சியே வைத்தார்கள். அந்த வணிகரின் வெள்ளித் தட்டுக்குப் பின்னால் யார் முதுகு இருந்தது என்ற கேள்வி, பொருட்களைக் கலந்து வைத்த பிறகு தவிர்க்க முடியாததாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

‘இரவுக் காவ’லைக் கண்ணாடி அறைக்குள் வைத்திருந்ததால் ஏமாந்தோம் என்றும் எழுதியிருந்தீர்கள். 2019 ஜூலையில் தொடங்கிய ஆய்வு அது, பிறகு சீரமைப்பும் தொடர்கிறது. 2024 நவம்பரில் மேற்பூச்சு வார்னிஷை நீக்க ஆரம்பித்தார்கள். இந்த ஓவியம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1715இல் நகர மன்றத்துக்கு மாற்றும்போது சுவரில் கொள்ளவில்லை என்று ஓரங்களை வெட்டினார்கள், 1975இல் ஒருவர் கத்தியால் கிழித்தார், 1990இல் இன்னொருவர் அமிலம் வீசினார். வழக்கமாக இப்படிப்பட்ட வேலைக்கு ஓவியத்தைக் கழற்றிப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இவர்கள் கூட்டத்தின் முன்னாலேயே செய்கிறார்கள். மறைக்கிறது என்று சலித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அது லாபமாகப் படுகிறது: வேலை நடக்கிற நாளில் போனால், முகத்தை ஓவியத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் நகம் அளவு இடத்தில் மெனக்கெடுவதைப் பார்க்கலாம். 17 நொடி கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

நீங்கள் பட்டியலிட்ட அறைகளில், ஆசியக் கலைப்பொருட்கள் இருக்கும் ஆசியப் பெவிலியன் இல்லை. தமிழர் ஒருவர் அங்கே போய் அதைத் தவறவிட்டார் என்பதுதான் எனக்கு உண்மையில் உறுத்தியது, அதற்கும் கட்டடத்தின் மீதுதான் பழியைப் போடுவேன். குரூஸும் ஓர்டிஸும் புதிதாகக் கட்டிய சின்னக் கட்டடம், கோணலான சுவர்களோடு, சுற்றிலும் தண்ணீர். முதன்மைப் பாதையிலிருந்து விலகி நிற்பதால் நேரமில்லாதவர்கள் கண்ணில் படாது. அங்கே சோழ நாட்டிலிருந்து போன நடராசர் இருக்கிறார், பன்னிரண்டாம் நூற்றாண்டு வாக்கில் வார்த்தது, உயரம் சுமார் ஒன்றரை மீட்டர், எடை ஏறக்குறைய 300 கிலோ. உள்ளே பொள்ளலா கெட்டியா என்று தெரிந்துகொள்ள ராட்டர்டாம் துறைமுகச் சுங்கத்தில் சரக்கு லாரிகளைச் சோதிக்கிற எக்ஸ்ரே கருவிக்குள் அனுப்பினார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கெட்டி என்று வந்தது. சுவாமிமலையில் கேட்டிருந்தால் லாரி இல்லாமலே சொல்லியிருப்பார்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு நடராசரைப் பார்த்திருந்தால், இரண்டையும் மனதில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உற்சவத்தில் பட்டும் மாலையும் சார்த்திய முகத்தை மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு, மாலையில்லாத மேனியில் முழங்கால் மடிப்பும் இடுப்பின் திருப்பமும் முதல்முறையாகத் தெரிவது வேறு அனுபவம். அது பிடிப்பவர்களும் உண்டு, பூசையில்லாமல் நிற்கிறாரே என்று நெஞ்சு கனப்பவர்களும் உண்டு. இரண்டும் ஒரே ஆளுக்குள் நடப்பதையும் பார்த்திருக்கிறேன்.

மறுபடி போகும் வாய்ப்பு வந்தால் இப்படிச் செய்யுங்கள். வருடத்தின் எல்லா நாளும் காலை ஒன்பதுக்குத் திறக்கிறார்கள். திறந்ததும் நேராக இரண்டாம் தளம் ஏறி, கூட்டம் சேர்வதற்குள் கௌரவக் கூடத்தை முடியுங்கள். வெர்மீரின் பால் ஊற்றும் பணிப்பெண் அங்கேதான், மிகச் சிறிய ஓவியம், பதினொரு மணிக்கு மேல் தலைகள்தான் தெரியும். ‘இரவுக் காவல்’ அறைக்குப் பக்கத்து அறைகளில் தலையைத் தூக்கினால் ரிச்சர்ட் ரைட் என்ற இக்கால ஓவியர் கையாலேயே வரைந்த ஆயிரக்கணக்கான கறுப்பு நட்சத்திரங்கள் கூரையில் இருக்கும். பிறகு காலவரிசையை மறந்துவிட்டு, அதே தளத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். பிள்ளைகள் சோர்ந்தால் தரைத்தளத்துக்கு இறங்குங்கள். கப்பல் மாதிரிகளும் ஆயுதங்களும் இசைக்கருவிகளும் அங்கே தனித் தொகுப்பாக இருக்கின்றன, அவர்களுக்கு ரெம்பிராண்டைவிட அதுதான் பிடிக்கும். நடுவே தோட்டத்தில் போய் உட்காருங்கள், அதற்குச் சீட்டு வேண்டாம். கடைசி அரைமணி நேரத்தை ஆசியப் பெவிலியனுக்கு ஒதுக்குங்கள். மூன்றாம் தளத்தை விட்டுவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.